நிறுத்தத்துக்கு அப்பால்

படத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தாள் பெர்மெத். ஆனாலும் அதிலிருந்த கூடாரத்தின் வாசலில் தொங்கிய கம்பளித் திரை ஒருமுறை உள்பக்கமாக உப்பி, மெல்ல அடங்கியது. வெளியே நிற்கிற யாரோ அதில் முகத்தை வைத்து மூச்சு விட்டது போல இருந்தது.

அப்போது அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஃப்ளாஷ் என்கிற பழைய கணினி அசைபடங்களில் இந்தத் தொல்லை சகஜம். பெரிய படத்துக்குள் குட்டிக் குட்டிப் படங்கள் இருக்கும். பெரியதை நிறுத்தினாலும் குட்டிகள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எது ஓடுகிறது என்று துருவிப் பார்த்தாள். சிறுமியின் கண்சிமிட்டல் ஒரு குட்டிப் படம். அடுப்புப் புகை ஒன்று. சிறுமியின் வாய் ஒன்று. வாசல் திரை அந்த வரிசையிலேயே இல்லை. அது ஒரே ஒரு ஓவியம், அவ்வளவுதான். அசைய அதற்கு வழியே கிடையாது.

"கண்ணு களைச்சுப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

களைக்காமல் என்ன செய்யும்? பிஷ்கெக் நகரத்தில் அந்தக் குளிர்காலம் நிலக்கரிப் புகைக்குள்ளேதான் கழிந்தது. ஊரிலுள்ள அடுப்புகளெல்லாம் ஒரே மூச்சில் புகைந்ததுபோல, சாயங்காலம் ஆகும் முன்பே சன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடமும் தெரியாது, தெருவிளக்கும் தெரியாது. சாம்பலும் கந்தகமும் கலந்த ஒரு வாடை மட்டும் சன்னல் இடுக்கில் திணித்த பஞ்சையும் மீறி உள்ளே வந்து, துவைத்த துணியில், தலைமுடியில், ரொட்டியில்கூட ஒட்டிக்கொள்ளும். புகை அதிகம் என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். முதல் வகுப்பு படிக்கும் ஆயிம், இருமிக்கொண்டும் பாடிக்கொண்டும் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாள். கணவன் தூரதேசத்தில், நோவசிபிர்ஸ்கில், கட்டட வேலையில். தாயும் மகளும் மட்டும்தான் நாலாவது மாடியில். கடைக்குப் போனால்கூடக் குழந்தையைத் தனியே விட்டுப் போகாதவள் பெர்மெத். அந்த ஒரு பிள்ளைதான் அவளுக்கு உலகம்.

வீட்டிலிருந்தே அவள் பார்த்த வேலை இது: சின்னப் பிள்ளைகளுக்கான கிர்கிஸ் மொழிப் பாடங்கள், ஒரு காலத்தில் குறுந்தகட்டில் போட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தவை. இணைய உலாவிகள் ஃப்ளாஷைக் கைகழுவிய நாளோடு அத்தனையும் செத்துப்போயின. அவற்றை மறுபடி எழுப்பி, எதையும் தனியாக நிறுவாமல், கைபேசியோ கணினியோ எந்தத் திரையிலும் தானே திறந்துகொள்ளும்படி இன்றைய வலைத் தரத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும் கருவி கோட்டையும் நிறத்தையும் ஒலியையும் கொண்டுவந்து சேர்க்கும், கட்டளைகளைக் கொண்டுவராது. 'இங்கே நில்', 'அங்கே தாவு' என்று பழைய ஓவியர்கள் எழுதிவைத்ததை ஒவ்வொன்றாகப் பார்த்து அவள்தான் கையால் மறுபடி எழுதியாக வேண்டும். ஒரு 'நில்' விட்டுப்போனால் போச்சு, படம் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஓடும்.

இந்தப் பாடத்தின் பெயர் 'விருந்தாளி வந்தால்'. கூடாரத்துக்குள் சிவப்புச் சட்டை போட்ட சிறுமி உட்கார்ந்திருப்பாள். வெளியே வாசல் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்கும். 'இப்போது நீ என்ன சொல்ல வேண்டும்?' என்று பாடத்தின் குரல் கேட்கும். பாடம் படிக்கிற பிள்ளை 'உள்ளே வாங்க' என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரையைத் தொட வேண்டும். யார், எவர், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. வாசலில் வந்து நின்றவரைப் பெயர் கேட்டுவிட்டு அழைப்பது அங்கே மானக்கேடு. பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்குள் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் பாடம் அந்த இடத்தோடு நின்றுவிடும். எத்தனை முறை தொட்டாலும் யாரும் உள்ளே வர மாட்டார்கள். பாதியில் தொங்குகிறது என்று ஆசிரியர்கள் வருஷக் கணக்கில் புலம்பியிருந்தார்கள். பெர்மெத் காரணத்தைக் கண்டுபிடித்தாள்: தட்டும் சத்தத்துக்கு அடுத்த ஃப்ரேமில் மெலிஸ் என்கிற பழைய ஓவியர் ஒரு 'நில்' போட்டிருந்தார். அதற்குப் பிறகும் படங்கள் இருந்தன. வரிசையாக, ஏராளமாக.

முதலாளியம்மா ஜில்திஸைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். கல்லூரித் தோழி என்பதால் முதலாளி என்ற பயமெல்லாம் கிடையாது.

"நல்லதாப் போச்சுடி" என்றாள் ஜில்திஸ். "அந்த நில்லத் தூக்கிப் போடு. வாத்தியாருங்க வாய அடைச்சிரலாம்."

"எதுக்கு நிறுத்தினாருன்னு தெரியாம எப்படிடி எடுக்கிறது?"

"எதுக்கா? அந்த மனுஷன் அப்பல்லாம் மதியத்துக்கு மேல தெளிவா இருந்ததே இல்லயாம். கைநடுக்கத்துல எங்கயோ தட்டிருப்பாரு. நீ என்னமோ முல்லா ஓதிக் கட்டின தாயத்து மாதிரி பொத்திப் பொத்திப் பாக்கிற. நாளைக்குக் கல்வி இலாகாக்காரங்ககிட்ட காட்டணும், ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. கத்தாத."

"அவரு நம்பர் அனுப்புறேன். அவ்வளவு சந்தேகமா இருந்தா அவரயே கேட்டுத் தொலை."

பெர்மெத் கேட்கவில்லை. 'நில்'லை எழுதாமல் விட்டாள். பாடத்தைச் சோதனைப் பக்கத்தில் ஏற்றினாள். வழக்கம்போல அடுக்களையில் இருந்த ஆயிமின் கைக்கணினிக்கும் அந்த முகவரியை அனுப்பிவைத்தாள். எந்தப் பாடமானாலும் முதலில் தொட்டுப் பார்த்து, நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று தீர்ப்பு சொல்வது மகள்தான். பிறகு தன் அறையில் தானும் திறந்தாள்.

கூடாரத்துப் படம் பக்கத்தின் நடுவில் வந்தது. அதன் இடதுபக்கம், படத்துக்கு வெளியே, வெறும் வெள்ளையில் ஒரு ஆள் நின்றான்.

தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடியே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இது அவளுடைய தவறுதான். பழைய முறையில் மேடைக்கு, அதாவது படச் சட்டத்துக்கு, வெளியே வரைந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. உள்ளே வரவேண்டியவர்களை ஓவியர்கள் அங்கேதான் நிறுத்தி வைப்பார்கள். புதிய முறையில் எல்லையை வெட்டிவிடச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அவள் எழுத மறந்திருந்தாள். எழுதாததால், நாடகத்துக்குப் பக்கவாட்டில் காத்திருக்கும் நடிகனைப் பார்த்துவிட்ட மாதிரி, விருந்தாளியை முன்கூட்டியே பார்த்துவிட்டாள்.

உயரமான ஆள். வெள்ளைக் கம்பளித் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தான். நீளமான கறுப்பு அங்கி. முகம் தெரியவில்லை. மெலிஸின் கோடுகள் உருண்டையாக, தின்பண்டம் போல இருக்கும்; இந்த ஆளின் கோடுகள் அப்படி இல்லை. ஒரே அழுத்தத்தில், பேனாவை எங்கேயும் எடுக்காமல் போட்ட கோடு. அவன் கூடாரத்தைப் பார்த்து நிற்கவில்லை. திரைக்கு வெளியே, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி நின்றான்.

அந்த ஒரு வரியை எழுதினாள். ஆள் மறைந்தான். அவள் மனதிலிருந்து மறையவில்லை. வெள்ளையாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம், இல்லாதவன் போல அங்கேயே நிற்கிறான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

படத்தை ஓடவிட்டாள். தட்டும் சத்தம் கேட்டது. 'இப்போது நீ என்ன சொல்ல வேண்டும்?' என்றது குரல். சிறுமியைத் தொட்டாள். 'உள்ளே வாங்க' என்று சொல்லத் திறந்த வாயோடு சிறுமி வாசலைப் பார்த்தாள். பழைய நிறுத்தம் வரும் இடம் அது. படம் நிற்காமல் தாண்டிப் போனது.

சிறுமி வாயை மூடினாள். இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

பெர்மெத் நாற்காலியை முன்னால் இழுத்தாள். மறுபடி தட்டும் சத்தம். இந்த ஒலி பாடத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. இரண்டாவது முறை ஒலிக்க அவள் எங்கேயும் எழுதவில்லை. சிறுமி தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று ஆட்டினாள். விரல்கள் கன்னத்தில் அழுந்தும் அளவுக்குப் பொத்தினாள். பிறகு வாசலை விட்டு முகத்தைத் திருப்பி, திரைக்கு வெளியே, நேராகப் பெர்மெத்தைப் பார்த்தாள். அந்தக் கண்கள் சிமிட்டவே இல்லை.

கம்பளித் திரை உப்பியது. அடங்கியது. உப்பியது.

பெர்மெத் கணினியின் மூடியை அறைந்து சாத்தினாள். புகை வாடையோடு இன்னொரு வாடையும் அறைக்குள் இருந்தது, நனைந்த கம்பளியின் வாடை. வீட்டில் யாரும் எதையும் நனைத்துப் போடவில்லை. ஜில்திஸ் அனுப்பிய எண்ணுக்கு அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு ஒரு கிழக்குரல் எடுத்தது. பின்னால் தொலைக்காட்சி இரைந்துகொண்டிருந்தது.

"மெலிஸ் அண்ணே, என் பேரு பெர்மெத். உங்க பழைய பாடங்களப் புதுசா மாத்திக்கிட்டிருக்கேன்..."

"நல்லது தாயி. எது எது?"

"இப்ப 'விருந்தாளி வந்தால்'."

தொலைக்காட்சிச் சத்தம் பட்டென்று நின்றது.

"அதுல ஒரு நிறுத்தம் இருக்கும்" என்றார். "அதத் தொடலயே?"

"எடுத்துட்டேண்ணே. அதுக்கப்புறம் நீங்க வரைஞ்சு வச்சிருந்த..."

"நான் வரையல."

"அண்ணே?"

"தட்டுற வரைக்கும்தான் நான் போட்டேன். மறுநாள் திறந்தா கூட ரெண்டு படம் இருந்துச்சு. எவனோ விளையாடுறான்னு அழிச்சேன். அடுத்த நாள் இன்னும் நிறைய. அழிக்க அழிக்க வந்துச்சும்மா. நான் குடிக்கிறேன், அதனால உளறுறேன்னாங்க. குடிக்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறந்தான். கடைசியில அந்த இடத்துல ஒரு நில்லு போட்டேன். அத மட்டும் அது தாண்டல."

"எதுண்ணே தாண்டல?"

"படத்துல இருக்கிற பாப்பா வாயப் பொத்திக்கிட்டாளா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்பச் சரி. அவ கூப்பிட மாட்டா. அவளுக்குத் தெரியும். கூப்பிடாம அது வராது. வேற யாரும் கூப்பிட்டுராமப் பாத்துக்க. உன் வீட்டுல பிள்ளைங்க..."

அடுக்களையிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கைக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து, தகரத்தில் தட்டுவது போல.

'இப்போது நீ என்ன சொல்ல வேண்டும்?'

"ஆயிம்!" என்று கத்த வாயைத் திறந்தாள் பெர்மெத். அதற்குள் அடுக்களையிலிருந்து மகளின் குரல் வந்துவிட்டது.

"உள்ளே வாங்க!"

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அதே ராகம். அதே உற்சாகம். ஒரு சொல் பிசகாமல்.

தொலைபேசியில் மெலிஸ் ஏதோ முணுமுணுத்தார், பிரார்த்தனையோ அழுகையோ. அது காதில் ஏறவில்லை. பெர்மெத் எழுந்தாள். அறைக்கதவைத் திறந்தாள். நடைவழி இருட்டாக இருந்தது. அந்தக் கோடியில் வாசல் கதவு. அதற்குப் பக்கத்தில் அடுக்களை. அடுக்களை வெளிச்சம் தரையில் ஒரு துண்டாக விழுந்து கிடந்தது.

சத்தமே இல்லை. குழாய் சொட்டவில்லை. குளிர்ப்பெட்டி முனகவில்லை. மேல்வீட்டுக்காரர்கள் நடக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். முதலில் வாசலைப் பார்த்தாள். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியில். யாரும் வரவில்லை. கதவு பூட்டித்தான் இருக்கிறது. கிழவர் பயமுறுத்திவிட்டார்.

பிறகு கீழே பார்த்தாள்.

ஆயிமின் குட்டிப் பனிக்காலணி. தன்னுடையது. அவற்றுக்குப் பக்கத்தில் ஒழுங்காக ஒட்டி வைத்த ஒரு ஜோடி நெடும்பூட்ஸ். மரியாதை தெரிந்தவன் கழற்றி வைத்தது. ஒரே கறுப்பு. சுருக்கம் இல்லை. மடிப்பு இல்லை. அடுக்களை வெளிச்சம் மற்ற காலணிகள் மேல் விழுந்தது. அவற்றின் மேல் விழவில்லை.

அடுக்களைக்குள் ஆயிமின் குரல். "ரொட்டி எடுத்துக்கோங்க. இனிப்பும் இருக்கு. அம்மா இப்ப வந்துருவாங்க."

பெர்மெத் வாசற்படியில் நின்றாள்.

மேசையின் தலைப்பக்கத்தில், விருந்தாளிக்கென்று விடும் இடத்தில், அவன் இருந்தான். தொப்பி மூக்கு வரை. அங்கி. சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு. அவனுக்குப் பின்னால் சுவரில் நிழல் இல்லை. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அவன் அப்படியே தெரிந்தான். வலப்பக்கம் நகர்ந்தாள். அப்படியே. எந்தப் பக்கம் போனாலும் அவனுடைய அந்த ஒரே பக்கம்தான் இருந்தது.

கை மேசைமேல் இருந்தது. பிறகு ரொட்டியில் இருந்தது. பிறகு தொப்பிக்குக் கீழே இருந்தது. இடையில் எங்கேயும் அது இல்லை.

"அம்மா, நான் பேரு கேக்கல" என்றாள் ஆயிம், பெருமையாக. "எல்லாம் சரியாச் செஞ்சேன்."

"இங்க வா கண்ணு."

"இரும்மா. டீ ஊத்திட்டு வரேன். பாவம், ரொம்பத் தூரத்துலருந்து வந்திருக்காரு."

கோப்பையில் ஒரு வாய் அளவு ஊற்றினாள் பிள்ளை. அப்படித்தான் ஊற்ற வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால், இருங்கள், திரும்பத் திரும்ப ஊற்ற எங்களுக்கு ஆசை என்று அர்த்தம். நிறைத்து ஊற்றினால், கிளம்பலாம் என்று அர்த்தம். அதுவும் தாய் சொல்லிக்கொடுத்ததுதான்.

"நிறைய ஊத்து" என்றாள் பெர்மெத். குரல் கிழிந்தது. "ஆயிம், விளிம்பு வரைக்கும் ஊத்து."

"ஐயோ, தப்பும்மா! போகச் சொன்ன மாதிரி ஆயிரும்."

"ஊத்துடி!"

பிள்ளை மிரண்டு பார்த்தாள். பெர்மெத் பாய்ந்து கெண்டியைப் பிடுங்கினாள். ஊற்றினாள். கைமேல் கொதிநீர் தெறித்தது. வலி தெரியவில்லை. ஊற்றினாள். ஆவி எழுந்தது. கெண்டி கனம் குறைந்தது. ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழுந்தது. இலைத்தூள் விழுந்தது.

கோப்பையில் ஒரு வாய் தேநீர்தான் இருந்தது.

விருந்தாளி அதை எடுக்கவில்லை. கோப்பை அவன் முன்னால் இருந்தது. பிறகு ஆயிம் முன்னால் இருந்தது.

"எனக்கா?" என்றாள் ஆயிம்.

"வேண்டாம்!"

பிள்ளையின் கை மடியில் இருந்தது. பிறகு கோப்பையில் இருந்தது. பிறகு வாயில் இருந்தது.

பெர்மெத் அலறினாள். மேசையைச் சுற்றி ஓடினாள். நாற்காலியோடு சேர்த்து மகளைப் பின்னாலிருந்து வாரி எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான், வாசலோ சன்னலோ எதுவானாலும் சரி. நாற்காலியின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தாள். கைகளை நீட்டினாள்.

பின்னலைக் காணோம். பிடரியைக் காணோம்.

பின்பக்கத்திலும் ஆயிமின் முகம்தான் இருந்தது, கன்னம் முழுக்க ஒரே சிவப்பாக, சுற்றிலும் ஒரு கறுப்புக் கோட்டோடு, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.